சின்ன ஆக்சிஜன் கருவிக்கு வால்வுத் தொகுதி வடிவமைப்பது எப்படி?

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் வீட்டுக் கருவியைத் திறந்து பார்த்தால் ஒரு கம்ப்ரெஸர், ஜியோலைட் என்ற மணிகள் நிரப்பிய இரண்டு உருளைகள் (இவற்றைப் படுகை என்பார்கள்), உள்ளங்கை அளவில் ஒரு வால்வுத் தொகுதி, இவ்வளவுதான் கண்ணில் படும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் ஜியோலைட்டுக்கும் கம்ப்ரெஸருக்கும் நாள்கணக்கில் கணக்குப் போடுவார்கள். வால்வை மட்டும் கடைசியில் கடையில் கிடைப்பதை வாங்கி, டியூப் போட்டு இணைத்துவிடுவார்கள். அப்புறம் 93 சதவீதம் வர வேண்டிய ஆக்சிஜன் 80-ஐத் தாண்டாமல் நிற்கும். பழி ஜியோலைட் மீது விழும். பெரும்பாலும் குறை இருப்பது வால்வுக்கும் படுகைக்கும் இடையில். ஆகவே வால்வுத் தொகுதியைக் கருவியின் மையமாக வைத்து எப்படித் தொடங்குவது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இரட்டைப் படுகைக் கருவியை எடுத்துக்கொள்வோம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பலர் வீட்டிலும் பார்த்த கருவி இதுதான். அதே ஆண்டு மாவட்ட மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட பெரிய ஆலைகளும் இதே தத்துவத்தில் இயங்குபவை. தேஜஸ் விமானத்துக்காக டிஆர்டிஓ உருவாக்கிய ஆக்சிஜன் நுட்பம் அப்போது கோயம்புத்தூரின் டிரைடென்ட் நியூமாட்டிக்ஸ் நிறுவனத்துக்கும் கைமாறியது. நம் ஊரில் இதற்கான லேத் வேலையும் ஆட்களும் கிடைக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இது கற்றுக்கொள்வதற்கும் பட்டறையில் முன்மாதிரி செய்து பார்ப்பதற்குமான கட்டுரை. இப்படிச் செய்த கருவியை நோயாளிக்கு மாட்டக் கூடாது. அதற்கு ஐஎஸ்ஓ 80601-2-69 போன்ற தரநிலைகளும் உரிய அனுமதியும் வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன

ஜியோலைட் அழுத்தத்தில் நைட்ரஜனை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜனைக் குறைவாகப் பிடிக்கும். அழுத்தத்தை இறக்கினால் பிடித்த நைட்ரஜனை விட்டுவிடும். ஒரு படுகை பிடிக்கும்போது மற்றது விட வேண்டும். சில நொடிகளில் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். எஸ்ஸோ நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ரம் 1960-இல் காப்புரிமை பெற்ற சுழற்சி இதுதான். அடிப்படை இன்றும் மாறவில்லை. காற்றில் சிறிதளவு உள்ள ஆர்கான் வாயுவும் ஆக்சிஜனும் ஜியோலைட்டில் ஏறக்குறைய ஒரேபோல நடந்துகொள்வதால் நைட்ரஜன் முழுவதும் போனாலும் 95-96 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதற்கு மேல் எதிர்பார்த்து வால்வை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் படி: காகிதத்தில் எண்கள்

வால்வு பட்டியலைத் திறப்பதற்கு முன் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர், 93 சதவீதம் என்றால் தூய ஆக்சிஜன் 4.65 லிட்டர். காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். அதிலும் சிறிய கருவிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் நம் கைக்கு வரும். அதனால் கம்ப்ரெஸர் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் காற்று தர வேண்டியிருக்கும். படுகை ஒவ்வொன்றும் 1 லிட்டர், மேல் அழுத்தம் 2.5 பார், கீழ் அழுத்தம் 1 பார், அரைச் சுழற்சி 5 நொடி என்று வைத்துக்கொள்வோம். வேறாகச் சொல்லாத இடங்களில் அழுத்தம் என்பது வளிமண்டலத்தையும் சேர்த்த அளவு; மீட்டர் காட்டுவது இதைவிட 1 பார் குறைவாக இருக்கும்.

அரைச் சுழற்சிக்கு உள்ளே வரும் காற்று 5 லிட்டர். வெளியே எடுக்கும் ஆக்சிஜன் சுமார் 0.42 லிட்டர். மீதி 4.6 லிட்டரும் வெளியேற்று வழியாகத்தான் போக வேண்டும். இந்த மூன்று எண்களையும் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: துளை அளவு

வால்வின் ஓட்டத் திறனைக் கேவி என்ற எண்ணால் குறிப்பார்கள். அறை வெப்பத்தில் காற்றுக்கு, வெளி அழுத்தம் (வால்வைத் தாண்டியபின் இருப்பது) உள் அழுத்தத்தின் (வால்வுக்கு முன் இருப்பது) பாதிக்கு மேல் இருக்கும்வரை, இந்தச் சூத்திரம் போதும்:

ஓட்டம் = 514 × கேவி × √(அழுத்த வீழ்ச்சி × வெளி அழுத்தம் ÷ 388)

ஓட்டம் மணிக்குக் கன மீட்டரில், அழுத்தம் பாரில். உள்வழியில் 60 லிட்டர் என்பது மணிக்கு 3.6 கன மீட்டர். 0.1 பார் வீழ்ச்சியை ஏற்றுக்கொண்டால் கேவி 0.28 வரும். கடையில் கேட்கும்போது சுமார் 4 மி.மீ. துளை வால்வு.

வெளிவழிக் கணக்கு வேறு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 60 உள்ளே, 55 வெளியே, ஆகவே ஒரே அளவு வால்வு போதும் என்று தோன்றும். ஆனால் படுகை முதல் ஒரு நொடியிலேயே பெரும்பகுதியைக் கக்கிவிட வேண்டும். அப்போதுதான் மிச்ச நேரத்தில் அதைக் கழுவ, அதாவது தங்கிய நைட்ரஜனை ஆக்சிஜன் விட்டுத் துரத்த, முடியும். 3 லிட்டரை ஒரு நொடியில் விட வேண்டும் என்றால் அது மணிக்கு 10.8 கன மீட்டர் வேகம். படுகை அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும், சராசரியாக 1.5 பார் என்று எடுத்தால் கேவி 0.6 வேண்டும். அதாவது 6 மி.மீ. துளை. வெளிவழியின் திறன் உள்வழியைப் போல இரண்டு மடங்கு. இரண்டுக்கும் ஒரே 4 மி.மீ. வால்வு போட்ட கருவியில் படுகை முழுதாகக் காலியாகாது. சுழற்சிக்குச் சுழற்சி நைட்ரஜன் தங்கிப்போகும்.

சைலன்சரையும் இதே கணக்கில் சேருங்கள். சின்டர் செய்த (உலோகத் தூளைச் சுட்டு இறுக்கிய) வெண்கல சைலன்சர் தூசியில் அடைபட்டால் கீழ் அழுத்தம் 1 பாரிலிருந்து 1.1 ஆகும். 2.5-க்கு 1 என்ற விகிதம் 2.3-க்கு இறங்கிவிடும். அழுத்த விகிதம்தான் இந்தக் கருவியின் உயிர். சத்தம் குறைக்க வேண்டுமானால் சின்ன சைலன்சரை இறுக்குவதைவிட வெளிவழிக்குப் பின் ஒரு விரிந்த அறை வைப்பது நல்லது.

மூன்றாம் படி: எத்தனை வால்வு, எந்த வகை

உள்வழிக்கு இரண்டு, வெளிவழிக்கு இரண்டு என நான்கு தனி வால்வுகள் வைக்கலாம். ஐந்து துளை, இரண்டு நிலை ஸ்பூல் வால்வு (உள்ளே ஒரு தண்டு நகர்ந்து வழியை மாற்றுவது) ஒன்றே வைக்கலாம். மூன்று துளை, இரண்டு நிலை வால்வுகள் இரண்டு வைக்கலாம். என் பரிந்துரை மூன்றாவது. காரணம் சமநிலைப் படி.

ஒரு படுகை நிரம்பி முடித்ததும் அதிலிருக்கும் அழுத்தத்தை அப்படியே வெளியே விடுவது வீண். காலியான படுகையோடு சற்று நேரம் இணைத்தால் பாதி அழுத்தம் அங்கே போய்ச் சேரும். கம்ப்ரெஸருக்கு அவ்வளவு வேலை மிச்சம். ஒற்றை ஸ்பூல் வால்வில் ஒரு படுகை உள்வழியில் இருக்கும்போது மற்றது கட்டாயம் வெளிவழியில்தான் இருக்கும். சமநிலை செய்யப் போனால் நல்ல வாயு வெளியே ஓடிவிடும். மூன்று துளை வால்வு இரண்டு இருந்தால், இரண்டையும் உள்வழி நிலையில் வைத்த அந்தக் கணமே சமநிலை. ஆக்சிஜன் வெளிவரும் மேல் முனைகளுக்கு நடுவே ஒரு சமநிலை வால்வையும் அதே நேரம் திறந்தால் இரு முனையிலும் அழுத்தம் சமமாகும். 0.6 நொடி போதும். மேல் வால்வுக்கு 0.25 கேவி கொடுங்கள். ஆக்சிஜன் நிறைந்த வாயு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அது மேல் வழியாகவே போகட்டும்.

நான்கு தனி வால்வு வைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. சமநிலை நேரத்தில் இரண்டு உள்வழியையும் மூடினால் கம்ப்ரெஸர் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. நொடிக்கு 1 லிட்டர் வந்துகொண்டே இருக்கும். இடையிலுள்ள குழாயின் கொள்ளளவு 50 மி.லி. என்றால் 30 மில்லிநொடி மூடலுக்கே அழுத்தம் 0.6 பார் எகிறும். அரை நொடி மூடினால் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும், அது இல்லையென்றால் டியூப் கழன்று பறக்கும். விதி இதுதான்: ஒரே படுகையில் வெளிவழி முழுதாக மூடிய பிறகுதான் உள்வழி திறக்க வேண்டும். இரண்டு படுகைகளுக்கு இடையே பார்த்தால், புதிய உள்வழி திறந்த பிறகுதான் பழையது மூட வேண்டும். கட்டுப்பாட்டு நிரல் எழுதுபவரிடம் இதை வாய்மொழியாகச் சொல்லி விடாதீர்கள், படம் வரைந்து கொடுங்கள்.

அடுத்து, மின்காந்தமே வால்வை இழுக்கும் நேரடி சொலினாய்டா, பைலட் வகையா? வால்வு அடைத்து உட்காரும் இடமான இருக்கை 6 மி.மீ., மீட்டர் அழுத்தம் 2 பார் என்றால் விசை சுமார் 5.7 நியூட்டன். ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள நேரடி வகையில் மின்காந்தச் சுருள் பெரிதாக வேண்டும், சூடாகும். பைலட் வகையில் கம்ப்ரெஸர் காற்றே வேலை செய்வதால் 1-2 வாட் போதும். சிறிய தொகுதிக்குப் பைலட் வகைதான் ஏற்றது. ஆனால் அது இயங்கக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். சமநிலை நேரத்தில் உள்வழி அழுத்தம் மீட்டரில் 0.7 பார் வரை இறங்கும், அதனால் மீட்டரில் 0.5 பாருக்குக் கீழும் இயங்கும் வால்வைத் தேடுங்கள். மின்சாரம் இல்லாதபோது இரண்டு வால்வும் உள்வழி நிலையில் நிற்கும்படி தேர்ந்தெடுங்கள். கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கியதும் இரண்டு படுகையும் நிரம்பி, பைலட்டுக்கு வேண்டிய அழுத்தம் தானாக வந்துவிடும். வெளிவழி மூடியிருப்பதால் நிறுத்தி வைத்த நாட்களில் ஈரக் காற்று படுகைக்குள் புகாது என்பதும் லாபம்.

சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் இரண்டு துளை வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே நன்றாக மூடும். எதிர்த்திசையில் அழுத்தம் வந்தால் இருக்கையைத் தூக்கிக்கொண்டு கசியும். மேல் சமநிலை வால்வில் அழுத்தம் ஒரு முறை இடமிருந்தும் மறு முறை வலமிருந்தும் வரும். அங்கே இருதிசையும் மூடும் வால்வு என்று கேட்டு வாங்குங்கள். உடலில் அம்புக்குறி இருந்தால் அது ஒருதிசை வால்வு.

நான்காம் படி: டெட் வால்யூமைக் குறைப்பது

தொகுதியைச் சின்னதாக்குவது இட வசதிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வால்வுக்கும் படுகைக்கும் நடுவில் இருக்கும் வெற்று இடம்தான் டெட் வால்யூம்; அது ஒவ்வொரு சுழற்சியிலும் வாயுவால் நிரம்பிக் காலியாகிறது. 8 மி.மீ. உள்விட்டமுள்ள 30 செ.மீ. டியூபின் கொள்ளளவு 15 மி.லி. அழுத்தம் 1.5 பார் ஏறி இறங்கும்போது அதில் சுமார் 23 மி.லி. வாயு வந்து போகும்.

இதே 23 மி.லி. கீழ் முனையில் இருந்தால் 5 லிட்டர் காற்றில் அரை சதவீதம்கூட இல்லை. மேல் முனையில் இருந்தால்? அங்கே நம் விளைச்சலே 420 மி.லி.தான். அதில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இந்த ஒரு டியூபில் போய்வருகிறது. அது முழுக்க வீணாகிவிடாது. அழுத்தம் இறங்கும்போது படுகைக்குள் திரும்பி வந்து கொஞ்சம் கழுவும். ஆனால் எவ்வளவு, எப்போது என்பது நம் கையில் இல்லை. கையில் தூக்கிப்போகும் கருவிகளில் படுகை இன்னும் சின்னது, சுழற்சியும் வேகம்; அங்கே இந்த விகிதம் மோசமாகும். எனவே உங்கள் முயற்சியின் பெரும்பகுதியை மேல் முனையில் செலவிடுங்கள். கீழ் முனையில் சில மி.லி. அதிகமானால் பாதகமில்லை.

எளிய வழி, டியூபையே ஒழிப்பது. இரண்டு படுகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரே மூடி, கீழே ஒரே மூடி போடுங்கள். கீழ் மூடியின் அடியில் மூன்று துளை வால்வுகள் இரண்டும் நேராக உட்காரட்டும். மேல் மூடிக்குள் சமநிலை வால்வு, ஆக்சிஜனைப் படுகையிலிருந்து வெளியே மட்டும் விடும் இரண்டு ஒருவழி வால்வுகள், கழுவும் ஆரிஃபிஸ் (அடுத்த படியில் வரும் சின்னத் துளை) எல்லாம் அடங்கட்டும். 6 மி.மீ. துளை 40 மி.மீ. நீளத்துக்கு வந்தால் 1.1 மி.லி.தான். 15 எங்கே, 1.1 எங்கே.

ஒருவழி வால்வுகள் மிக மெல்லிய அழுத்தத்தில், 0.05 பாருக்குள், திறக்க வேண்டும். ரப்பர் குடை வகை இதற்குப் போதும், இடமும் பிடிக்காது.

ஐந்தாம் படி: கழுவும் ஆரிஃபிஸ்

விளையும் ஆக்சிஜனில் ஒரு பங்கை எதிர்ப் படுகை வழியாக மேலிருந்து கீழே அனுப்பி, அங்கே தங்கிய நைட்ரஜனைத் துரத்துவதுதான் கழுவுதல். இரு படுகைகளின் மேல் முனைகளையும் இணைக்கும் ஒரு சின்னத் துளை இந்த வேலையைச் செய்கிறது. அந்தத் துளையில் ஒலி வேகத்தில் ஓட்டம் நடக்கும். 0.5 மி.மீ. துளை 2.5 பாரில் நிமிடத்துக்கு 4.5 லிட்டர் அளவில் விடும். 0.8 மி.மீ. என்றால் 12 லிட்டர் அளவில் போய்விடும். நாம் விற்க நினைத்த ஆக்சிஜனைவிட இருமடங்குக்கு மேல். 0.5 இடத்தில் 0.6 ட்ரில் விட்டாலே 44 சதவீதம் அதிகம். ஆகவே கழுவும் துளையைத் தொகுதியிலேயே துளைக்காதீர்கள். மரை போட்ட சின்னப் பித்தளைத் துண்டில் துளைத்து, திருகி மாட்டும்படி செய்யுங்கள். 0.4, 0.45, 0.5, 0.55, 0.6 என்று ஒரு வரிசை செய்து வைத்துக்கொண்டால் ஒரே மதியத்தில் சரியானதைக் கண்டுபிடித்துவிடலாம். ஊசி வால்வு வசதிதான், ஆனால் அதிர்வில் மெல்ல நகரும். சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கருவிக்குள் வேண்டாம்.

ஆறாம் படி: பொருளும் வேலைப்பாடும்

அலுமினியம் 6061 நல்ல தேர்வு: எளிதில் வெட்டலாம், அனோடைஸ் செய்யலாம். வடிவத்தைச் சரிபார்க்க முதலில் முப்பரிமாண அச்சில் ஒன்று எடுத்துப் பாருங்கள். அழுத்தமும் ஆக்சிஜனும் வைத்துச் சோதிக்க உலோகத்துக்கு மாறிவிடுங்கள்.

துளைகள் ஒன்றையொன்று குறுக்கே சந்திக்கும் இடத்தில் பிசிறு நிற்கும். வெளியிலிருந்து தெரியாது. அது கழன்று வால்வு இருக்கையில் உட்கார்ந்தால் அந்த வால்வு இனி மூடாது. லேத்காரரிடம் பிசிறு எடுக்கச் சொல்லி வரைபடத்திலேயே எழுதுங்கள். வந்ததும் விளக்கு அடித்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள்.

எண்ணெயும் சாதாரண கிரீஸும் கூடவே கூடாது. செறிந்த ஆக்சிஜனில் அவை தீப்பற்றும். வெட்டும் எண்ணெய் முழுவதும் போகும்வரை கழுவுங்கள், ஓ-ரிங்குக்கு ஆக்சிஜனுக்கென்றே வரும் ஃபுளோரின் வகை கிரீஸை மட்டும் தடவுங்கள். ஓ-ரிங் வைட்டானில் இருக்கட்டும். நைட்ரைல் மலிவு, ஆனால் ஆக்சிஜன் பக்கம் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும்.

ஜியோலைட் தூள் வால்வின் முதல் எதிரி. படுகையின் இரு முனையிலும் ஃபெல்ட் வடிகட்டி வைத்து, மேலே ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடியுங்கள். மணிகள் அசைந்தால் உரசித் தூளாகும். ஈரம் இரண்டாவது எதிரி. காற்றை 2.5 பாருக்கு அழுத்திப் பழைய வெப்பத்துக்கே குளிர்வித்தால், வெளியே 40 சதவீத ஈரப்பதம் இருந்தாலே உள்ளே தண்ணீர் சொட்டத் தொடங்கும். சென்னையில் 40 சதவீதத்துக்குக் கீழே போகும் நாள் அரிது. குளிர்விக்கும் குழாய்க்குப் பின், வால்வுக்கு முன், ஒரு நீர்ப் பிரிப்பான் வையுங்கள். தொகுதிக்குள் தண்ணீர் தேங்கும் பள்ளம் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாத் துளையும் வெளிவழி நோக்கிச் சரியட்டும்.

ஏழாம் படி: சோதனை

முதலில் ஜியோலைட் இல்லாமல் சோதியுங்கள். ஒவ்வொரு வால்வையும் மூடிய நிலையில் மீட்டர் 2 பார் காட்டும்படி அழுத்தம் கொடுத்து, மறுமுனை டியூபை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். எப்போதாவது ஒரு குமிழி வந்தால் பரவாயில்லை. தொடர்ச்சியாக வந்தால் இருக்கையைத் திறந்து பாருங்கள். வெளிக் கசிவுக்குச் சோப்பு நுரை போதும், ஆனால் உள்கசிவுதான் தூய்மையைக் கெடுக்கும். அதற்கு இந்தத் தண்ணீர் டம்ளரைவிட நேரடியான சோதனை இல்லை.

அப்புறம் ஜியோலைட் நிரப்பி, இரண்டு படுகைக்கும் தனித்தனி அழுத்த உணரி மாட்டி, வரைபடமாகப் பாருங்கள். ஆக்சிஜன் மீட்டர் ஒரு எண்ணைத்தான் சொல்லும். அழுத்த வரைபடம் எங்கே கோளாறு என்றே சொல்லிவிடும். இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று அரைச் சுழற்சி தள்ளி, ஒரே வடிவில் ஓட வேண்டும். ஒரு படுகை மட்டும் 1 பாருக்கு இறங்காமல் 1.2-இல் நின்றால் அந்தப் பக்க வெளிவழி இருக்கையையோ வடிகட்டியையோ பாருங்கள். சமநிலை முடிவில் இரண்டு கோடுகளும் சேராமல் இடைவெளி இருந்தால் மேல் வால்வு சிறிது, அல்லது 0.6 நொடி போதவில்லை. இரண்டு உச்சிகளும் ஒரே நேரத்தில் சற்றுத் தாழ்ந்தால் பெரும்பாலும் கம்ப்ரெஸர் பக்கம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் வால்வு.

கோடுகள் சரியான பிறகே நேரங்களை மாற்றிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, தூய்மை எண் மாறாமல் நிலையாகும்வரை காத்திருங்கள். படுகை புதிய நிலைக்குப் பழகப் பல பத்துச் சுழற்சிகள் பிடிக்கும். 82 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவக் கருவி எச்சரிக்கை தர வேண்டும் என்பது தரநிலை. முன்மாதிரியிலேயே அந்த எச்சரிக்கையை வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஆயுள். முழுச் சுழற்சி 10 நொடி என்றால் கீழே உள்ள ஒவ்வொரு மூன்று துளை வால்வும் நாளுக்கு 8,640 முறை, ஆண்டுக்கு 31 லட்சத்துக்கு மேல் அசையும்; அரைச் சுழற்சிக்கு ஒரு முறை திறக்கும் மேல் சமநிலை வால்வு அதைப்போல இரு மடங்கு. ஒரு கோடி முறை உழைக்கும் என்று எழுதிய வால்வு, கீழே வைத்து இடைவிடாமல் ஓட்டினால் மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். பத்து லட்சம் என்று எழுதியிருப்பது நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். விலைப்பட்டியலில் இந்த எண் இல்லாத வால்வை வாங்காதீர்கள். எப்படியும் தேயும் பாகம் என்பதால், படுகையைப் பிரிக்காமல் நான்கு திருகுகளைக் கழற்றி வால்வை மட்டும் மாற்றும்படி கீழ் மூடியை அமையுங்கள்.